டாக்டர் மறைத்த சேதி

1923-ஆம் வருஷம் வியன்னாவில் ஸிக்மண்ட் பிராய்டின் வாயில் ஒரு கட்டி கண்டது. அது புற்றுநோய் என்று பார்த்தவுடனே தெரிந்துகொண்ட டாக்டர் பீலிக்ஸ் டாய்ச், வேறு பெயர் சொல்லி மழுப்பிவிட்டார். 66 வயசுக்காரர், தாங்கமாட்டார் என்ற பயம். மனத்தின் மறைவிடங்களையெல்லாம் துருவிப் பார்த்தவரிடமே மறைத்தார்கள், வேடிக்கையைப் பாருங்கள்! நெருங்கிய நண்பர்களும் தெரிந்தே மௌனம் சாதித்தார்கள். வெகுகாலம் கழித்து அதைக் கேள்விப்பட்டபோது, அவர்களுக்கு அதற்கு என்ன உரிமை என்று கிழவர் சீறினார்.

பின்னால் மாக்ஸ் ஷூர் என்ற இளம் டாக்டரை ஏற்றுக்கொண்டபோது, எதையும் ஒளிக்கக்கூடாது என்பதுதான் முதல் நிபந்தனை. வேளை வந்தால் வீணாக வதைபட விடக்கூடாது என்பது இரண்டாவது. 1939 செப்டம்பரில், லண்டனில், அந்த வாக்கை அவரே நினைவுபடுத்தி, மகள் அன்னாவிடமும் பேசிவிடச் சொன்னார். அன்னாதான் தள்ளிப்போடப் பார்த்தாள். கடைசியில் அவளும் சம்மதித்தாள். 23-ஆம் தேதி பிராய்ட் கண்ணை மூடினார்.