மணப்பெண் அலங்காரம்: நலங்கு மாவு முதல் பார்லர் வரை

போன ஆவணியில் என் அக்காவின் பேத்திக்கு நாகர்கோவிலில் கல்யாணம். மணமகள் அறையில் ஆண்களுக்கு என்ன வேலை? அக்காவுக்கு பிரஷர் மாத்திரை கொடுக்கப் போனவன், அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவன் நான். சேர சோழ பாண்டியர்களைச் சொன்னேனே தவிர, கல்யாணப் பெண்ணின் முகத்துக்கும் ஒரு வரலாறு உண்டு என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதை இன்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நமக்குத் தெரிந்த பழைய கல்யாணங்களில் ஒன்று அகநானூற்று 86ஆம் பாட்டில் இருக்கிறது. பாடியவர் நல்லாவூர் கிழார். உளுத்தம்பருப்புப் பொங்கல், புதுமணல் பரப்பிய பந்தல், விடியற்காலை. பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர், பூவும் நெல்லும் கலந்த நீரால் மணப்பெண்ணை நீராட்டுகிறார்கள். பூவிதழும் நெல்லும் அவள் கூந்தலில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஏறக்குறைய அவ்வளவுதான் அலங்காரம். சிலப்பதிகாரத்துக்கு வந்தால் காரியம் பெரிதாகிவிடுகிறது. கடலாடு காதையில் மாதவி குளிக்கும் தண்ணீரிலேயே பத்துத் துவர், ஐந்து விரை, முப்பத்திரண்டு வகை மணப்பொருள்கள் ஊறியிருக்கின்றன. குளித்த பிறகு அகில் புகையில் கூந்தலை உலர்த்தி, கால் முதல் தலை வரை நகை பூட்டுகிறாள். அது கல்யாண அலங்காரம் அல்ல. ஆனாலும் நம் வீட்டு நலங்கு மாவுக்கு மூத்த சொந்தம் அதுதான் என்று நினைக்கிறேன்.

எங்கள் அக்கா கல்யாணம் 1963இல். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. ஒரு மாதத்துக்கு முன்பே மொட்டைமாடியில் பாய் விரித்து, பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, கார்போக அரிசி, ஆவாரம்பூ, வெட்டிவேர் எல்லாம் காயப் போட்டிருப்பார்கள். காக்கா விரட்டுவது என் வேலை. காய்ந்ததை மாவாக்கி, துணியில் சலித்து, தினமும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது பூசுவார்கள். கல்யாணத்துக்கு முந்தின இரவு ஆச்சி மருதாணி அரைத்தாள். கோன் எல்லாம் அப்போது ஏது? உள்ளங்கையில் நடுவே ஒரு வட்டம், சுற்றிலும் பொட்டு, விரல் நுனிகளுக்குத் தொப்பி. காலையில் கழுவினால் கை செக்கச் சிவந்திருக்கும்.

நகைக்குத்தான் அந்த வருடம் சோதனை. 1962 சீன யுத்தத்துக்குப் பிறகு, நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார். 1963 ஜனவரி முதல், புதிதாகச் செய்யும் நகை 14 காரட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. பொற்கொல்லர் வீடுகளில் உலை அணைந்தது. நாட்டில் தற்கொலைகள்கூட நடந்தன. எங்கள் தெரு ஆசாரி சைக்கிள் கடையில் வேலைக்குப் போனார். பிறகு அந்த 14 காரட் விதி விலகியது. 1968இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல்தான் ஒழிந்தது. ஆகவே அக்காவுக்குப் புது நகை ஒன்றுமில்லை. ஆச்சியின் பழைய சங்கிலியும் வளையலும்தான். தலைக்கு, பெரியம்மை வீட்டிலிருந்து இரவல் வந்த வடசேரி செட். நம் வடசேரி வேலையைச் சொல்ல வேண்டுமா? வெள்ளியில் அடித்து, அரக்கு நிரப்பி, சிவப்புக் கெம்புக்கல் பதித்து, மேலே தங்கத் தகடு ஒட்டுவார்கள். ராக்கொடி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, நெற்றிச்சுட்டி, ஜடைநாகம், குஞ்சலம். கோயில் விக்கிரகத்துக்கும் நாட்டியக்காரிக்கும் கல்யாணப் பெண்ணுக்கும் ஒரே பட்டறைதான். தோவாளையிலிருந்து வந்த பிச்சிப்பூவை வாழைநாரில் தொடுத்து, சித்தி இரண்டு மணி நேரம் சடை தைத்தாள்.

எல்லாம் முடிந்து, முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருத்தி உள்ளே வந்து பார்த்தாள். "பொண்ணு நிறம் கொஞ்சம் மட்டுதான். போட்டோவுல கறுப்பா விழும். நல்லா பவுடர் போடுங்க" என்றாள். அம்மா என்னிடம் ஒரு ரூபாயைக் கொடுத்து ஓடச் சொன்னாள். நான்தான் ஓடிப்போய்ப் பவுடர் டப்பா வாங்கி வந்தேன். அக்கா பேசாமல் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். வேர்வையில் பவுடர் திட்டுத்திட்டாக நின்றது. போட்டோக்காரர் பல்ப் வெளிச்சம் அடித்ததும் முகம் மட்டும் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்து, கையும் கழுத்தும் அவளுடைய நிறத்திலேயே விழுந்தன. அந்தப் படத்தை அக்கா ஒருநாளும் சுவரில் மாட்டியதில்லை. கேட்டால், "கண்ணாடி உடைஞ்சு போச்சு" என்பாள்.

இத்தனைக்கும் நம் பழைய தமிழில் மாந்தளிர் போன்ற மாமை நிறம்தான் அழகு. வெளுத்துப் போவதற்குப் பசலை என்று பெயர். அது பிரிவுத் துயரில் வருவது. மேலே சொன்ன அகநானூற்று மணப்பெண்ணையே அந்தப் பாட்டு 'மாயோள்' என்றுதான் சொல்லி முடிக்கிறது. கருமை கலந்த நிறத்தவள் என்று பொருள். அங்கிருந்து நாம் எங்கோ வந்துவிட்டோம். 1952இல் டாட்டா நிறுவனத்தார் லாக்மே தொடங்கினார்கள். பெயர் ஒரு பிரெஞ்சு இசை நாடகத்தின் நாயகியுடையது. அதற்கும் மூலம் நம் லட்சுமிதான். சினிமா ஸ்டுடியோக்களின் பான்கேக் மேக்கப் பத்திரிகை அட்டைகள் வழியாக வீட்டு ஆசையானது. 1975இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' வந்தது. 2020இல்தான் அதன் பெயரிலிருந்து 'ஃபேர்' போய் 'க்ளோ' ஆனது.

என்னை விட்டுவிட்டு எழுதினால் அது வரலாறு ஆகாது. 2001இல் என் மகளுக்கு வரன் பார்த்தபோது, ஜாதகத்தோடு அனுப்பும் தாளில் நானே என் கைப்பட 'நல்ல நிறம்' என்று எழுதினேன். மகள் அக்காவின் சாயல். தாளைப் பார்த்தவள், "அப்பா, அப்ப என்னோட நிறம் கெட்ட நிறமா?" என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளே பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள். வந்த வரன் அதைப் பற்றிக் கேட்கவேயில்லை.

போன ஆவணிக்கு வருகிறேன். பேத்திக்கும் அக்காவின் நிறமே. பார்லரிலிருந்து வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். கன்னத்துக்குக் கீழே, தாடை ஓரத்தில் நாலைந்து ஷேடுகளைக் கோடாக இழுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "கழுத்தோட சேர்ற நிறம்தான் போடணும் பாட்டி. இல்லேன்னா முகம் தனியாத் தெரியும்" என்றாள்.

அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "இந்த அறிவு அன்னைக்கு ஒருத்திக்கும் இல்லையே, தம்பி" என்றாள் என்னைப் பார்த்து. எண்பது வயது அவளுக்கு. அந்தப் பவுடர் டப்பாவை வாங்கி வந்தவன் நான்தான் என்பது அவளுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். பெட்டியிலிருந்து அந்தப் படத்தை எடுத்து மேசைமேல் வைத்திருந்தாள். பேத்திக்குக் காட்டினாளாம். "சடை எவ்வளவு அழகு ஆச்சி, யாரு தைச்சா?" என்று அவள் கேட்டாளாம். படத்தின் கண்ணாடி உடையவே இல்லை.