சர்வர் எந்தப் பக்கம்?

சர்வர் என்றால் நம் தலைமுறைக்கு ஓட்டலில் பரிமாறுபவர். நான் படித்த பிரெஞ்சிலும் 'செர்வேர்' என்றால் அவர்தான். கம்ப்யூட்டரிலும் சர்வர் பரிமாறுவதுதான். எதை என்பதில்தான் குழப்பம்.

1984இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், யூனிக்ஸ் கணினிகளுக்காக 'எக்ஸ் விண்டோ' பிறந்தது. புரோகிராம் தொலைவில் ஓடும். திரையைப் பரிமாறும் நம் மேசைக் கணினியே அதில் சர்வர். 1998இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வகம் ஒன்று வெளியிட்ட வி.என்.சி.யில் இது தலைகீழ்: தொலைவிலுள்ள கணினியே சர்வர்.

போர்ட் எண்ணும் வேறு. எக்ஸில் 0 எண் திரைக்கு 6000, வி.என்.சி.யில் 1 எண் திரைக்கு 5901.

இணைப்பு கிடைக்கவில்லையா? சர்வர் எந்தப் பக்கம், அங்கே அந்த போர்ட் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாஸ்வேர்டைச் சந்தேகிப்பது அப்புறம் ஆகட்டும்.