யார் இந்த மைக்கேல் லான்ஸ்டேல்? பாண்ட் வில்லன் முதல் துறவி வரை!

ஜேம்ஸ் பாண்ட் ரசிகர்களுக்கு அவர் வில்லன் ஹ்யூகோ டிராக்ஸ். பிரெஞ்சு ரசிகர்களுக்கோ சாகும் வரை ஊரை விட்டுப் போகாத துறவி. 60 ஆண்டுகளில் 180-க்கும் மேற்பட்ட வேடங்களில் நடித்த மைக்கேல் லான்ஸ்டேலைப் பற்றி இங்கே பார்க்கலாம்.

தொடக்கம் எங்கே?

1931 மே 24-ல் பாரிஸில் பிறந்தார். அப்பா ஆங்கிலேய ராணுவ அதிகாரி. அம்மா பிரெஞ்சு - ஐரிஷ் வம்சாவளி. லண்டனிலும், இரண்டாம் உலகப்போர் சமயத்தில் மொராக்கோவிலும் வளர்ந்தார். 1947-ல் ஓவியம் படிக்க பாரிஸ் திரும்பியவரை நடிப்பு இழுத்துக்கொண்டது. இரு மொழியும் சரளம் என்பதால் பிரெஞ்சு, ஆங்கிலம் என ரெண்டு பக்கமும் வாய்ப்பு வந்தது.

திருப்புமுனை எது?

1968-ல் த்ரூஃபோ இயக்கிய 'ஸ்டோலன் கிஸ்ஸஸ்' படத்தில் செருப்புக்கடை முதலாளி. தன்னை ஏன் யாருக்குமே பிடிக்கல என்று கண்டுபிடிக்க, துப்பறியும் ஏஜென்சிக்குக் காசு கொடுக்கும் காமெடியான பாத்திரம் அது.

1973-ல் 'தி டே ஆஃப் தி ஜாக்கல்' வந்தது. அதிபர் டி காலைக் கொல்ல வரும் கூலிக்கொலையாளியைத் தேடும் அதிகாரி லெபெல் வேடம். அமைச்சர்கள் கூட்டத்தில், யார் போனை ஒட்டுக் கேட்பது என எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள். தெரியாததால் எல்லார் போனையும் ஒட்டுக் கேட்டதாக அலட்டிக்காமல் சொல்வார்! இந்தப் படத்துக்காக பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

இந்தியாவோடு என்ன தொடர்பு?

மார்கரீத் துராஸ் இயக்கிய 'இந்தியா சாங்' (1975). கதை 1930-களின் கல்கத்தாவில் நடந்தாலும், படமாக்கியது பிரான்ஸில். நடிகர்கள் வாய் திறக்கவே மாட்டார்கள். குரல்கள் வெளியிலிருந்து கேட்கும். அதில் காதல் கைகூடாத துணைத் தூதராக இவர் போடும் கூச்சல்தான் படத்தின் உயிர்.

பாண்ட் வில்லன் ஏன் தனித்து நிற்கிறார்?

'மூன்ரேக்கர்' (1979) படத்தில் மனித இனத்தையே விஷவாயுவால் அழிக்கத் துடிக்கும் கோடீஸ்வரர். ஆனா குரலை உயர்த்தவே மாட்டார். கொலை உத்தரவையும் விருந்தாளியை உபசரிப்பது போலவே சொல்வார். அதுதான் பயம்!

80 வயதை நெருங்கி முதல் சீசர்

1996-ல் அல்ஜீரியாவில் 7 துறவிகள் கடத்திக் கொல்லப்பட்ட உண்மைச் சம்பவமே 'ஆஃப் காட்ஸ் அண்ட் மென்' (2010). போகலாமா, ஊர் மக்களோடு இருக்கலாமா என்ற கேள்விதான் மொத்தப் படமும். கிராமத்துக்கு மருத்துவம் பார்த்த சகோதரர் லூக்காக நடித்தார் லான்ஸ்டேல். கடைசி விருந்துக் காட்சியில் இசை ஒலிக்க, வசனமே இல்லாமல் முகங்கள் மட்டும் பேசும். சிறந்த துணை நடிகருக்கான சீசர் விருது 2011-ல் கிடைத்தது.

2020 செப்டம்பர் 21-ல் பாரிஸில், 89 வயதில் காலமானார். ஹீரோவாக ஜொலித்தவர் அல்ல. ஆனால் அவர் வந்த சில நிமிடங்களில் ஹீரோவையே மறக்க வைத்தவர். எந்தப் படத்தில் தொடங்கலாம்? 'ஜாக்கல்' பார்த்துவிட்டு, அடுத்து 'ஆஃப் காட்ஸ் அண்ட் மென்' பாருங்கள். ரெண்டும் ஒரே ஆள்தானா என்று சந்தேகம் வரும்!