ஆழிக்குமரனும் குமார் ஆனந்தனும்: ஒரு நீச்சல்காரரின் கதையை எழுதியது யார்?

வல்வெட்டித்துறையைப் பற்றி வெளியாட்கள் எழுதிய எதையாவது எடுத்துப் பாருங்கோ. முதல் பந்தியிலேயே போர் வந்துவிடும். பிரபாகரன் பிறந்த ஊர், கடத்தல்காரரின் ஊர் எண்டு இரண்டு வரியில் ஊர் முடிந்துபோகும். ஆனால் இதே கரையிலிருந்துதான் 1954 இல் ஒருவர் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து கோடிக்கரையில் ஏறினார். 1971 இல் இன்னொருவர் நீந்திப் போய், நீந்தியே திரும்பியும் வந்தார். எங்கட வயதுப் பெடியள் பெட்டையளிடம் இந்த இரண்டு பேரையும் பற்றிக் கேட்டால், முதலாமவரைக் கனபேருக்குத் தெரியாது. இரண்டாமவரைத் தெரியும், ஆனால் "கின்னஸ்காரர்" என்பதற்கு மேல் கதை ஓடாது. இது ஏன் இப்படி ஆனது என்பதுதான் எங்கட கேள்வி.

விளையாட்டு வீரர் ஒருவர் செய்தது வேறு, அவரைப் பற்றி மிஞ்சுவது வேறு. 2020 இல் ஊரடங்குக்குள் இருந்துகொண்டு உலகமே பார்த்த 'த லாஸ்ட் டான்ஸ்' தொடரை நினைத்துப் பார்ப்போம். மைக்கல் ஜோர்டானும் சிக்காகோ புல்ஸ் அணியும் பற்றிய 10 பாகத் தொடர். 1997-98 பருவத்தில் அணியோடு கூடவே திரிந்து எடுத்த ஒளிப்பதிவு, ஜோர்டான் சம்மதிக்காமல் வெளிவர முடியாது என்பது உடன்பாடு. அந்தச் சம்மதம் வர கிட்டத்தட்ட இருபது வருடங்கள் எடுத்தது. தொடர் வெளிவந்தபோது, ஆறு கிண்ணங்களையும் ஜோர்டானோடு சேர்ந்து வென்ற ஸ்கொட்டி பிப்பன் தன்னை ஒரு துணைப்பாத்திரமாக்கிவிட்டார்கள் என்று கோபப்பட்டார். அடுத்த வருடம் தன் தரப்பைச் சொல்லித் தானே ஒரு புத்தகம் எழுதினார். கூடைப்பந்தாட்ட ரசிகர்கள் பார்த்த ஜோர்டான், ஜோர்டான் சம்மதித்த ஜோர்டான்தான்.

ஜோர்டானுக்குக் கமரா இருந்தது. பிப்பனுக்குப் பதிப்பகம் இருந்தது. எங்கட கடற்கரைக்காரருக்கு என்ன இருந்தது?

முதலில் மு. நவரத்தினசாமி. பக்கத்து ஊரான தொண்டைமானாற்றைச் சேர்ந்தவர். 1954 மார்ச்சில் வல்வெட்டித்துறையில் கடலில் இறங்கி, 27 மணித்தியாலம் நீந்திக் கோடிக்கரையை அடைந்தார். பன்னிரண்டு வருடம் கழித்து, 1966 ஏப்ரலில், கல்கத்தாவைச் சேர்ந்த மிஹிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். அவரும் பெரிய வீரர்தான். ஏற்கனவே 1958 இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தவர். அவருக்குத் துணையாக இந்தியக் கடற்படைக் கப்பல்கள் போயின. ஒரு பெரிய நாட்டின் பத்திரிகைகள் அவருக்குப் பின்னால் நின்றன. இன்றைக்கும் இந்தியாவில் பாக்கு நீரிணை நீச்சல் என்றால் கனபேர் முதலில் சொல்லும் பெயர் மிஹிர் சென். வரைபடத்தைக் கொஞ்சம் விரித்துப் பாருங்கோ: தலைமன்னார், தனுஷ்கோடி இடைவெளியை விட வல்வெட்டித்துறை, கோடிக்கரை இடைவெளி நல்லாக அகலம். நாங்கள் இதைச் சொல்வது மிஹிர் சென்னைக் குறைக்க இல்லை. 'முதல்' என்ற சொல் தன்பாட்டில் யாரிடமும் வந்து ஒட்டிக்கொள்வதில்லை, அதை எழுதி வைக்க ஆள் வேண்டும் என்பதற்காகத்தான்.

இனி ஆனந்தன். 1943 இல் வல்வெட்டித்துறையில் பிறந்தவர், தொழிலால் சட்டத்தரணி. 1971 இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்கும் அங்கிருந்து திரும்பவும் நீந்தினார். மொத்தம் 51 மணித்தியாலம். ஊர் அவருக்கு வைத்த பெயர் ஆழிக்குமரன். கொழும்பு ஆங்கிலப் பத்திரிகைகளிலும் கின்னஸ் புத்தகத்திலும் அவர் குமார் ஆனந்தன். இரண்டு பெயரையும் தனித்தனியாக இணையத்தில் தேடிப் பாருங்கோ. இரண்டு வேறு ஆட்களைப் பற்றி வாசிப்பது போல இருக்கும்.

ஆழிக்குமரன் கடலோடு சேர்ந்த ஆள். குமார் ஆனந்தன் இலக்கங்களோடு சேர்ந்த ஆள். 1979 இல் 128 மணித்தியாலம் ட்விஸ்ட் நடனம். 1980 மே மாதம் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவில் 33 மணித்தியாலம் ஒற்றைக்காலில் நின்றது. 1981 இல் சென்னையில் 80 மணித்தியாலம் நீரில் மிதந்து நின்றது. இப்படி ஏழு கின்னஸ் சாதனைகள். செய்தி எழுதுபவருக்கு இது லேசு: ஒரு தலைப்பு, ஒரு இலக்கம், ஒரு படம். இரண்டு இரவு கடலில் கிடந்த மனிசனைப் பற்றி எழுதுவது அப்படி இல்லை. நீரோட்டம் தெரிந்திருக்க வேண்டும், வாடை எது சோளகம் எது எண்டு தெரிந்திருக்க வேண்டும். அதனால் எழுத லேசான ஆனந்தன் பரவினார், எழுதக் கஷ்டமான ஆனந்தன் ஊருக்குள் நின்றுவிட்டார்.

சாதனைப் புத்தகத்துக்கு இன்னொரு குணமும் இருக்கிறது. அது மறக்கிற புத்தகம். 1997 மே மாதம் அதே விகாரமகாதேவிப் பூங்காவில், சுரேஷ் ஜோக்கிம் என்ற இன்னொரு ஈழத்தமிழர் 76 மணித்தியாலம் 40 நிமிடம் ஒற்றைக்காலில் நின்றார். 33 மணித்தியாலம் பழைய கணக்காகிவிட்டது. இலக்கத்தின் மேல் கட்டிய பெயரை அதைவிடப் பெரிய இலக்கம் ஒன்று வந்து அழித்துவிடும். கடலைக் கடந்த கதையை அப்படி அழிக்க முடியாது. ஆனால் அந்தக் கதையை யாராவது சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

சொல்லியிருக்க வேண்டிய நேரத்தில் என்ன நடந்தது? 1971 இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்துகொண்டிருந்த தமிழ்ப் பத்திரிகை ஈழநாடு. 1981 இல் யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்ட அதே நாட்களில் ஈழநாடு அலுவலகமும் எரிக்கப்பட்டது. நூலகத்தில் மட்டும் ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. நாங்கள் அதை இலக்கியத்தின் இழப்பாக, வரலாற்றின் இழப்பாகக் கதைத்துப் பழகிவிட்டோம். அது விளையாட்டின் இழப்பும்தான். பாடசாலை மெய்வல்லுநர் போட்டி, ஊர் உதைபந்தாட்டம், கடல் நீச்சல் எல்லாம் உள்ளூர்ப் பத்திரிகையின் பின்பக்கத்தில்தான் வாழும்.

1984 ஓகஸ்ட் 6 அன்று ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் ஆனந்தன் இறந்தார். வயது 41. அது 83 யூலைக்கு அடுத்த வருடம். வடக்கிலிருந்து வெளியே போன செய்தி எல்லாம் போர்ச் செய்தியாக மாறிக்கொண்டிருந்த காலம். வல்வெட்டித்துறை என்ற பெயருக்கு உலகப் பத்திரிகைகளில் ஒரே ஒரு அர்த்தம் வரத் தொடங்கியிருந்தது. அந்த அர்த்தத்துக்குள் ஒரு நீச்சல்காரருக்கு இடம் இருக்கவில்லை. போர் முடிந்து இவ்வளவு காலமாகியும் வெளியில் இருந்து எழுதுபவர்கள் அந்த ஒற்றை அர்த்தத்தைத்தான் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள்.

இது பழைய காலத்துக் கதை மட்டும் இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்த தர்ஜினி சிவலிங்கத்தைப் பாருங்கோ. 2018 இல் சிங்கப்பூரில் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியின் தூண் அவர். ஆனால் செய்தித் தலைப்பில் அவருடைய பெயருக்கு முன்னால் வருவது அவருடைய உயரம். உயரமான எல்லாராலும் அப்படிப் பந்து போட ஏலுமெண்டால் அது வேறு கதை. அவருடைய பயிற்சியும், கையும், பந்தை வாங்க அவர் எடுக்கும் இடமும் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? ஒற்றைக்காலில் நின்றவர், உயரமானவர் என்பதெல்லாம் பார்த்தவுடன் தெரிகிறவை. அவர்களின் உழைப்பு அப்படித் தெரிவதில்லை.

ரேவடிக் கடற்கரையில் ஆழிக்குமரன் ஆனந்தன் பெயரில் நீச்சல் தடாகம் இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் பெயர்ப்பலகை ஒரு பெயரைத்தான் சொல்லும். கடலில் இரண்டு நாள் நீந்துபவர் தனியப் போவதில்லை. கூட வள்ளம் போகவேண்டும், திசை பார்க்கவும் சாப்பாடு கொடுக்கவும் ஆட்கள் வேண்டும். அந்தக் கடலை அறிந்த தலைமுறையில் மிஞ்சியிருப்பவர்கள் இப்போது எங்கட அம்மம்மாக்கள், அப்பப்பாக்கள். அவர்களிடம் கேட்டுக் குரலைப் பதிவுசெய்ய ஒரு கைத்தொலைபேசி போதும். வீட்டு அலுமாரியில் கிடக்கும் பழைய பத்திரிகைத் துண்டுகள், பாடசாலை மலர்கள், விளையாட்டுக் கழக மலர்கள் எல்லாவற்றையும் ஸ்கான் செய்து நூலகம் இணையத்தளத்துக்குக் கொடுக்கலாம். போன தலைமுறைக்கு எழுதிய தாள் எரிந்தது. எங்களுக்கு அந்தச் சாட்டு இல்லை.

நவரத்தினசாமியின் 27 மணித்தியாலத்தையும் ஆனந்தனின் 51 மணித்தியாலத்தையும் அறிந்தவர்கள் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். அவர்களும் போன பிறகு இந்த இருவரைப் பற்றியும் மற்றவர்கள் எழுதி வைத்தது மட்டும்தான் மிஞ்சும்.