ஹவானாவின் பழங்கார்கள்

பழைய கார் ஒன்றை வாங்கிச் செப்பனிட்டு ஓட்டுவதைச் செல்வர்களின் பொழுதுபோக்கு என்று நாம் எண்ணுகிறோம். கியூபா நாட்டு மக்களுக்கோ அது வாழ்க்கைத் தேவையாயிற்று. அதன் காரணத்தைச் சரித்திரம் கூறும்.

1959-ஆம் ஆண்டுப் புரட்சிக்கு முன்னர், செவ்ரோலே, போர்டு முதலிய அமெரிக்கக் கார்கள் அந்நாட்டில் ஏராளமாக வந்து இறங்கின. 1960-இல் தொடங்கிய வணிகத் தடையை அமெரிக்கா 1962-இல் முழுமையாக்கிற்று. அதன்பின் அங்கிருந்து புதிய காரும் வரவில்லை. உதிரி உறுப்புகளும் வரவில்லை. கியூபா அரசாங்கமோ, புரட்சிக்கு முற்பட்ட கார்களை மட்டுமே மக்கள் தம்முள் தடையின்றி விற்கவும் வாங்கவும் இசைந்தது. இவ்விதி 2011 வரை நீடித்தது.

ஆகவே, கிடைத்த பழங்காரை மக்கள் புதுக்கிக்கொண்டனர். துருப்பிடித்த தகட்டை வெட்டி வேறு தகடு பற்றவைத்தனர். கிடைக்காத உறுப்பைப் பட்டறையில் கடைந்தனர். பெட்ரோலை மிகுதியாகக் குடிக்கும் எஞ்சினை அகற்றி, டீசல் எஞ்சினைப் பொருத்தினர். சோவியத் நாட்டு லாடா, வோல்கா கார்களின் உறுப்புகளையும் இணைத்தனர். இவ்வாறு உயிர்பெற்ற கார்கள் பல, ஹவானாத் தெருக்களில் பயணிகள் பலரை ஒருங்கே ஏற்றிச் செல்லும் வாடகைக் கார்களாயின. பெரிய வாதுமை எனப் பொருள்படும் 'அல்மென்ட்ரோன்' என்பது அவற்றுக்கு மக்கள் இட்ட பெயர்.

உறுப்பெல்லாம் மாறிய காரைப் பழம்பொருள் சேகரிப்போர் குறைகூறலாம். ஆயினும், அதனை அரை நூற்றாண்டுக்கு மேல் அழியாமல் காத்தது அன்றாடப் பயன்பாடே என்பதை நாம் மறத்தலாகாது.