பை-வயரிங்

வீட்டு ஸ்டீரியோவில் ஒரு ஸ்பீக்கரை ரிசீவருடன் இணைக்க ஒரு ஜோடி வயர் போதும். அதற்குப் பதிலாக, ஸ்பீக்கருக்குள் தாழ்ந்த ஒலிகளைத் தரும் ஊஃபருக்கு ஒரு ஜோடி, உயர் ஒலிகளைத் தரும் ட்வீட்டருக்கு ஒரு ஜோடி எனத் தனித்தனியே இழுப்பது பை-வயரிங். 1980-களில் ஹைஃபை ரசிகர்களிடையே இம்முறை பரவலானது. பின்புறம் நான்கு டெர்மினல்கள் உள்ள ஸ்பீக்கர்களில் மட்டுமே இதைச் செய்ய முடியும்.

ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருக்கும் கிராஸ்ஓவர் சுற்றுதான் இதற்கு அடிப்படை. ஊஃபருக்குச் செல்லும் வழியில் உள்ள காயில் உயர் அதிர்வெண்களைத் தடுக்கிறது; ட்வீட்டருக்குச் செல்லும் வழியில் உள்ள கெப்பாசிட்டர் தாழ்ந்தவற்றைத் தடுக்கிறது. இருவழி ஸ்பீக்கர்களில் இந்தப் பிரிவு பெரும்பாலும் 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள இடத்தில் நிகழும். நான்கு டெர்மினல் ஸ்பீக்கரில் இவ்விரு பகுதிகளும் உள்ளே ஒன்றுசேராமல் தனித்தனியே வெளியே வருகின்றன. கடையிலிருந்து வரும்போது பிளஸ்ஸுடன் பிளஸ்ஸையும் மைனஸுடன் மைனஸையும் சிறு உலோகத் தகடுகள் இணைத்திருக்கும். அவற்றைக் கழற்றிய பிறகே இரண்டாவது ஜோடி வயருக்கு வேலை.

இணைக்கும்போது ரிசீவர் அணைந்திருக்க வேண்டும். இரண்டு வயர்களின் பிளஸ் முனைகளும் ரிசீவரின் ஒரே பிளஸ் டெர்மினலில் சேரும், மைனஸும் அப்படியே. ஒரு துளையில் இரண்டு தடித்த வயர்கள் நுழையாவிட்டால், ஒன்றை நேராக முறுக்கி, மற்றதைப் பனானா பிளக் மூலம் செருகலாம். பிரிந்து நிற்கும் ஒரு செம்பு இழை பக்கத்து டெர்மினலைத் தொட்டாலும் ஷார்ட் ஆகி, ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் பகுதி பழுதாகலாம். ட்வீட்டர் ஜோடியை மட்டும் தலைகீழாக இணைத்துவிட்டால் ஒலி நின்றுவிடாது. பிரிவு அதிர்வெண்ணைச் சுற்றிக் குரலில் பள்ளம் விழும். அதைக் காதால் மட்டும் கண்டுபிடிப்பது கடினம் என்பதால், வயரின் நிறக்கோட்டை இரு முனைகளிலும் சரிபார்ப்பதே நல்லது.

ஏ, பி என இரண்டு ஸ்பீக்கர் வெளியீடுகள் உள்ள ரிசீவரில் ஊஃபரை ஏ-க்கும் ட்வீட்டரை பி-க்கும் கொடுத்து, இரண்டையும் சேர்த்து இயக்கலாம். இரண்டு முழு 8 ஓம் ஸ்பீக்கர்களை இணையாகப் போட்டால் சுமை 4 ஓம் ஆகும். இங்கே அப்படி ஆவதில்லை. ஒவ்வொரு பகுதியும் தன் எல்லைக்கு வெளியே மின்னோட்டத்தை அவ்வளவாக இழுப்பதில்லை. ஆனால் சில ரிசீவர்கள் ஏ, பி இரண்டையும் சேர்த்து இயக்கும்போது அவற்றைத் தொடராக இணைக்கின்றன. அவற்றில் ஊஃபரின் காயிலும் ட்வீட்டரின் கெப்பாசிட்டரும் ஒரே வழியில் வந்து ஒன்றையொன்று தடுக்க, ஒலி மெலிந்துபோகும். கையேட்டில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பை-வயரிங்கால் ஒலி மேம்படுமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அமெரிக்க ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் ரிச்சர்ட் வாண்டர்ஸ்டீன் இதை உறுதியாக ஆதரிப்பவர். ஊஃபருக்கான பெரிய மின்னோட்டம் வயரைச் சுற்றி உண்டாக்கும் காந்தப்புலம் நுண்ணிய உயர் ஒலிகளைப் பாதிக்கிறது என்பது அவர் தரப்பு. டென்மார்க்கின் டைனாடியோ நிறுவனமோ ஒரு ஜோடி டெர்மினல்களையே வழக்கமாகக் கொண்டிருக்கிறது. மின்னியல் கணக்கு பெரிய வித்தியாசத்துக்கு இடம் தரவில்லை. செம்பு வயர் நேரியல் தன்மை கொண்டது. வெவ்வேறு அதிர்வெண்கள் அதில் ஒன்றோடொன்று கலந்து கெடுவதில்லை. 2.5 சதுர மில்லிமீட்டர் வயரை 5 மீட்டர் தூரம் இழுத்தால், போய்வரும் 10 மீட்டருக்கும் சேர்த்து மின்தடை ஏறக்குறைய 0.07 ஓம்தான். 8 ஓம் ஸ்பீக்கரில் இதனால் குறையும் ஒலி 0.1 டெசிபலைக்கூட எட்டாது. மெல்லிய 0.5 சதுர மில்லிமீட்டர் வயரில் மின்தடை ஐந்து மடங்காகும். எனவே வயருக்காகச் செலவிடும் பணத்தில் இரண்டு மெல்லிய ஜோடிகளைவிடத் தடித்த ஒரு ஜோடி வாங்குவதே மேல். ஒரு ஜோடியோடு நிறுத்தும்போது டெர்மினல்களை இணைக்கும் உலோகத் தகடு தளர்ந்தோ கறுத்தோ இருந்தால், அதே வயரில் சிறு துண்டு வெட்டி அதற்குப் பதிலாகப் போடலாம்.

பை-ஆம்பிங் இதிலிருந்து வேறுபட்டது. அதில் ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபயர் சேனல்கள் வேலை செய்கின்றன. டெனான், யமஹா போன்ற நிறுவனங்களின் ஏழு சேனல் ரிசீவர்கள் பலவற்றில், பயன்படாத பின்பக்க சேனல்களை இதற்கு ஒதுக்கும் அமைப்பு உண்டு. பவர் சப்ளை ஒன்றே என்பதால் கிடைக்கும் கூடுதல் வலு குறைவு. பை-வயரிங்கில் தகடுகளைக் கழற்ற மறந்தால் கேடில்லை. இரண்டு வயர்களும் ஒரே தடித்த வயர்போல இயங்கும். பை-ஆம்பிங்கில் மறந்தால் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களின் வெளியீடுகள் நேரடியாக மோதிக்கொண்டு எரிந்துபோகக்கூடும்.