வாடகைக்கு இருந்த ஊர்

இங்கிலாந்து கிராமம்னா நமக்கு என்ன ஞாபகம் வரும்? கூரை வேய்ந்த வீடு, வாசல்ல ரோஜா, ஒரு சர்ச், ஒரு பப், நடுவுல வாத்து நீந்துற குளம். பிஸ்கட் டப்பா மூடியில பாத்துப் பாத்துப் பழகின படம். நானும் அதை மனசுல வச்சுக்கிட்டுத்தான் ஒரு சனிக்கிழமை டார்செட் பக்கம் டைன்ஹம்ங்கிற ஊருக்குப் போனேன். "ஆளே இல்லாத ஊர்யா, செம போட்டோ கிடைக்கும்"னு நண்பர் ஆசை காட்டினார். போட்டோ கிடைச்சுது. கூடவே ஒரு உறுத்தலும் ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு.

ஊர் இருக்கிறது லல்வொர்த் ராணுவப் பயிற்சி எல்லைக்குள்ள. சுடாத நாட்கள்ல, பெரும்பாலும் வார இறுதியில, கேட்டைத் திறந்து விடறாங்க. வெடிக்காத குண்டு கிடக்கலாம், மஞ்சள் கம்பம் நட்ட பாதையை விட்டு விலகாதீங்கன்னு அங்கங்க எச்சரிக்கை. கல் சுவர் நிக்குது, மேல கூரை இல்லை. ஒவ்வொரு வீட்டு முன்னாடியும் இங்க யார் குடியிருந்தாங்கன்னு ஒரு பலகை. தபாலாபீஸ் வாசல்ல பழைய காலத்து டெலிபோன் பூத் ஒண்ணு. (அது ஒரிஜினல் இல்லையாம். 1980கள்ல சினிமா எடுக்க வந்தவங்க பழசை உடைச்சுட்டு, வேற ஒண்ணு கொண்டுவந்து வச்சுட்டுப் போனாங்களாம். சினிமாக்காரங்க எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான் போல!)

கதை இதுதான். 1943 நவம்பர்ல வீட்டுக்கு வீடு ஒரு கடிதம் வந்தது. பிரான்ஸ் கரையில இறங்கப் போற படைகளுக்கு டாங்கியிலிருந்து சுட்டுப் பழக இடம் வேணும். பக்கத்து லல்வொர்த்ல முதல் உலகப் போர் காலத்திலிருந்தே பீரங்கிப் பள்ளி இருக்கு, அந்த இடம் போதலை. அதனால டிசம்பர் 19க்குள்ள ஊரைக் காலி பண்ணணும். அதாவது கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள் முன்னாடி. அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து சுமார் 225 பேர் கிளம்பினாங்க.

போகும்போது சர்ச் கதவில ஒரு சீட்டைக் குத்திட்டுப் போனாங்க. தலைமுறை தலைமுறையா வாழ்ந்த வீடுகளை போருக்காக விட்டுக்கொடுக்கிறோம், ஒருநாள் திரும்பி வருவோம், அதுவரைக்கும் பத்திரமாப் பாத்துக்கோங்க, நன்றி. சாராம்சம் இவ்வளவுதான். கோபமா ஒரு வார்த்தை கிடையாது. எனக்கென்னமோ அந்த 'நன்றி'தான் தாங்க முடியலை.

திரும்பி வரலை. போர் முடிஞ்சும் ராணுவம் நகரலை. 1948ல அரசாங்கம் நிலத்தைக் கட்டாயமா வாங்கி, இனி நிரந்தரமா பயிற்சிக்குத்தான்னு முடிவு பண்ணிடுச்சு.

'வாக்குத் தவறிய அரசாங்கம்'னு இந்தக் கதையை எல்லாரும் அதோட முடிச்சுடறாங்க. ஆனா அதே 1943 டிசம்பர்ல டெவன்ல ஸ்லாப்டன் கடற்கரையைச் சுத்தி சுமார் 3000 பேரைக் கிளப்பினாங்க, அமெரிக்கப் படைகள் ஒத்திகை பாக்க. அவங்க மறு வருஷத்திலிருந்தே வீடு திரும்ப ஆரம்பிச்சுட்டாங்க. கடற்கரை ஒத்திகைக்கான தேவை 1944 ஜூனோட முடிஞ்சுது. டாங்கியோட தேவை முடியலை. அடுத்து ரஷ்யாவோட பனிப்போர், பீரங்கி எட்டுற தூரமும் கூடிக்கிட்டே போச்சு. யார் திரும்பணும், யார் திரும்பக் கூடாதுங்கறதை அது தீர்மானிச்சுடுச்சு.

இப்போ உறுத்தலுக்கு வரேன். அந்தப் பள்ளத்தாக்கில கிட்டத்தட்ட எல்லாமே ஒரே குடும்பத்துச் சொத்து. பாண்ட் குடும்பம், 1683ல வாங்கினது. மேய்ப்பர், மீனவர், கூலிக்காரர், தபாலாபீஸ்காரர் எல்லாரும் குடக்கூலிக்கு இருந்தவங்கதான். 1948ல நிலத்துக்கு விலை நில உடமையாளருக்குப் போச்சு. குடியிருந்தவங்களுக்குக் கிடைச்சது தோட்டத்துல நின்ன காய்கறிக்கான ஈடு! தாத்தாவும் பாட்டனும் அதே வீட்டுல பொறந்து செத்திருந்தாலும், காகிதத்துல அவங்களோடதுன்னு இருந்தது அந்த முட்டைக்கோஸ் மட்டும்தான். அதனால 'திரும்பி வருவோம்'னு கதவில எழுதினதுக்குச் சட்டத்துல எந்தப் பிடிமானமும் இல்லை. (நானும் இங்க வாடகை வீட்டுல நாலு மிளகாய்ச் செடி வச்சிருக்கேன். படிச்சதும் முதல்ல ஞாபகம் வந்தது அதுதான்.)

இன்னொண்ணும் சொல்லணும். டாங்கி வர்றதுக்கு முன்னாடியே ஊர் தேய ஆரம்பிச்சிருந்தது. பிள்ளைங்க போதலைன்னு பள்ளிக்கூடத்தை 1932லயே மூடிட்டாங்க. அதனால "எப்படியும் காலியாகியிருக்கும்"னு சிலர் சொல்றாங்க. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கலை. கிளம்பறவன் தானா கிளம்பறதும், ஒரு மாசத்துல கிளப்பறதும் ஒண்ணா?

சண்டை போடாமலும் இல்லை. 1968ல டைன்ஹமுக்குன்னு ஒரு போராட்டக் குழு கிளம்பிச்சு. ராணுவ நிலங்களை ஆராய நுஜென்ட் பிரபு தலைமையில போட்ட கமிட்டி, லல்வொர்த்தைக் காலி பண்ணலாம்னே 1973ல சொல்லிச்சு. அரசாங்கம் மறு வருஷம் அதை ஒதுக்கித் தள்ளிடுச்சு. கடைசியில கிடைச்சது, 1975லேர்ந்து ஜனங்க வந்து பாத்துட்டுப் போக அனுமதி. ஊர்க்காரங்க தங்க ஊருக்கே டூரிஸ்டா வரலாம்!

இதுல ஒரு வேடிக்கை. உழவு இல்லை, உரம் இல்லை, பூச்சிமருந்து இல்லை, புதுசா பங்களா கட்ட ஆள் இல்லை. குண்டு விழற அந்த மேட்டுல காட்டுப் பூவும் பட்டாம்பூச்சியும் கொழிக்குது. ராணுவம் இல்லேன்னா இந்நேரம் லண்டன் பணக்காரங்க லீவு வீடு வாங்கிக் குவிச்சிருப்பாங்கன்னு நண்பர் சொன்னார். இருக்கலாம். மேய்ப்பரோட பேரனால அப்பவும் அங்க வீடு வாங்க முடிஞ்சிருக்காது.

பள்ளிக்கூடத்தைப் பழையபடி சீர் பண்ணி வச்சிருக்காங்க. பெஞ்சு மேல நோட்டு, சுவர்ல கோட்டு மாட்டற கொக்கி வரிசை, ஒவ்வொண்ணுக்கு மேலயும் ஒரு பிள்ளை பேரு. அங்கதான் ரொம்ப நேரம் நின்னேன். நண்பர் வெளியில ஹார்ன் அடிச்சுக்கிட்டே இருந்தார்.

அடுத்து வில்ட்ஷயர்ல இம்பர் போகணும். அதுவும் 1943 டிசம்பர்ல காலியான ஊர்தான், அவங்களும் திரும்பலை. வருஷத்துல சில நாள் மட்டும்தான் திறப்பாங்க. யாராச்சும் வரதா இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, கார்ல ரெண்டு இடம் இருக்கு.